பொதுப் பயணமும் பொய் மரியாதையும்

மிதிபலகையில் நின்று பயணஞ் செய்யாதீர், சாரதியுடன் உரையாடாதீர், கைகளையும் தலையையும் வெளியே நீட்டாதீர். இலங்கையின் பஸ் வண்டிகளிலே எழுதப்பட்டிருக்கும் இத்தகைய வாசகங்களைக் கண்டறியாத பிரயாணி இலர். பிரயாண ஒழுக்கம் பற்றி மாணவர்க்குக் கற்பிக்கப்படுவனவும் பெரும்பாலும் இவ்வகையினவே. வரிசையில் நின்று ஏறுதல், முதியோர்க்கு இடமளித்தல், வெற்றிலை எச்சிலை யன்னலூடாக உமிழாதிருத்தல், உரத்துப் பேசாதிருத்தல் என அப்பட்டியல் நீளும். இவை யாவும் வேண்டியனவே. ஆயினும் இவற்றை ஓதி முடித்ததும் பொதுப் போக்குவரத்திற்குரிய பண்பு முழுவதுமே சொல்லப்பட்டுவிட்டதென அமைதியடையும் மனப்பான்மையொன்று கற்றோர் மத்தியிலே வேரூன்றியுள்ளது. அம்மனப்பான்மை மறுக்கப்பட வேண்டியது. பஸ் வண்டியிலே மரியாதை என்ற பெயரால் தமிழ்ச் சமூகம் போற்றுவனவற்றுள் ஒரு பகுதி அந்தஸ்துக்குப் பணிதல். மற்றொரு பகுதி அநீதியைக் கண்டும் வாய்மூடியிருத்தல். இவ்விரண்டையும் கழித்த பின் எஞ்சுவது மிகச் சொற்பமே.

கிராமத்திலே ஒருவன் யார் என்பது அவன் வாய்திறக்கு முன்னரே தெரிந்திருந்தது. திண்ணையில் அமர்வோன் எவன், முற்றத்தில் நிற்போன் எவன், கோடிப்புறத்தால் வரவேண்டியவன் எவன் என்பனவெல்லாம் பிறப்பினால் வகுக்கப்பட்டிருந்தன. அத்தகைய அமைப்பிலே மரியாதை எனப்பட்டது தன் இடமறிந்து நடத்தலேயாம். பஸ் வண்டியோ இவ்வொழுங்கைக் குலைத்த சாதனம். ஒரே கட்டணத்தைச் செலுத்திய இருவர், ஒருவர் குலத்தையும் தொழிலையும் மற்றவர் அறியாதவராய், தோளோடு தோள் உரச ஒரே ஆசனத்தில் அமர வேண்டியதாயிற்று. புதிய சாதனங்கள் புதிய சமூக உறவுகளைத் தோற்றுவிக்கும் என்று விரிவுரை மண்டபங்களிலே அடிக்கடி கூறப்படும் உண்மைக்கு இதனிலும் எளிய உதாரணம் கிடைத்தல் அரிது.

இம்மாற்றத்தை யாழ்ப்பாணச் சமூகம் இன்முகத்துடன் ஏற்றுக்கொண்டதா? இல்லை. அரச உதவிபெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் சமாசனம் அளிக்கப்படல் வேண்டும் என்ற விதி 1930ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் நடைமுறைக்கு வந்தபோது, அதனைச் சகியாதோர் பாடசாலைகளுக்குத் தீயிட்டனர். 1940களிலும் 1950களிலும் குடாநாட்டின் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது சுமத்தப்பட்டிருந்த தடைகளைப் பட்டியலிடும் ஆய்வாளர்கள், கோயிற் பிரவேசம், கிணற்று நீர், பாதணி, மேலாடை என்பவற்றோடு பஸ் ஆசனத்தில் அமர்தலையும் சேர்த்தே குறிப்பிடுகின்றனர். காசு கொடுத்துச் சீட்டு வாங்கலாம்; ஆசனத்தில் இருத்தல் ஆகாது. அன்று நின்றுகொண்டே சென்றவனை அடக்கமுள்ளவனென்றும், இருக்கத் துணிந்தவனை மரியாதை தெரியாதவனென்றும் மதிப்பிட்ட ஆசாரம் எது என்பதைத் தமிழ்ப் பண்பாட்டின் பெருமை பேசுவோர் சற்று எண்ணிப்பார்த்தல் தகும்.

அந்த ஆசாரத்தை உடைத்தவை நல்லொழுக்கப் போதனைகள் அல்ல. சாதியின் பெயரால் ஒருவரைப் பொது இடங்களில் தடுப்பது 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தினாற் குற்றமாக்கப்பட்டது. 1958ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தொழிற்படத் தொடங்கியது. சட்டம் வந்த பின்னரும் தேநீர்க்கடைகளும் கோயில்களும் திறக்கவில்லை. 1966இன் பின் எழுந்த வெகுசனப் போராட்டங்களே அவற்றுட் பலவற்றைத் திறப்பித்தன. அப்போராட்டங்களில் இறங்கியோர் அனைவரும் அக்காலத்துக் கனவான்களின் கண்ணிலே மரியாதை கெட்டவர்களே. இவ்வரலாறு ஈண்டு நினைவூட்டப்படுவதன் காரணம் ஒன்றுண்டு. பண்பு என்பது என்றும் மாறாத ஒரே பொருள் அன்று. யாருடைய வசதிக்காக அது வகுக்கப்பட்டது என்ற வினாவை எழுப்பாமல் அதனைப் போதிப்பவர், பழைய ஆசனத் தடையையே வேறு சொற்களால் மீண்டும் போதிக்க நேரிடும்.

பழந்தமிழ் இலக்கியத்தில் இதற்கு ஒரு சான்று கிடைக்கின்றது. பெருவாயின் முள்ளியார் இயற்றிய ஆசாரக்கோவை பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்று. நீராடல், உண்ணல், உறங்கல், பெரியோர் முன் நிற்றல் முதலியனவற்றுக்கு விதி கூறும் இந்நூல், தெருவிலே எதிர்ப்படுவோருள் எவர்க்கு விலகி வழிவிட வேண்டும் என்பதையும் கூறுகின்றது. அவ்வரிசையில் அந்தணரும் தவத்தோரும் உளர். அவர்களோடு சுமை சுமந்து வருவோர், பிணியுற்றோர், முதியோர், இளையோர், பெண்டிர் ஆகியோரும் உளர், பசுவும் உண்டு. நூலாசிரியர் இவர்களை ஒரே மூச்சில் அடுக்கிச் சென்றாலும் அவ்வடுக்கிலே இருவேறு நியாயங்கள் கலந்து கிடக்கின்றன. அந்தணர்க்கும் தவத்தோர்க்கும் வழிவிடுதல் அவர்தம் தகுதி நோக்கியது. சுமந்தோர்க்கும் பிணியாளர்க்கும் வழிவிடுதல் அவர்தம் தேவை நோக்கியது. முன்னையது உலகியல் மாற மாறத் தேய்ந்துபோகக் கூடியது. பின்னையதோ தலையிலே பாரமுள்ள மனிதன் ஒருவன் தெருவில் நடக்கும் வரை தேயாது.

இன்றைய பஸ் வண்டியிலும் இதே கலப்பைக் காணலாம். முன்வரிசை ஆசனங்களின் மேலே மதகுருமார்க்கு ஒதுக்கப்பட்டது என்ற வாசகம் இருக்கும். கர்ப்பிணித் தாய்மார்க்கும் ஊனமுற்றோர்க்கும் உரிய வாசகம், இருந்தாற் பிறிதோரிடத்தில் இருக்கும். சமயத் துறவியர் ஒருவர் ஏறினால் அவ்வாசனத்திலிருந்து எழாத பிரயாணியைக் காண்பது அரிது. நடத்துநரும் அதனைக் கவனிப்பார். ஏனையோரும் முகம் சுளிப்பர். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி கம்பியைப் பற்றிக்கொண்டு நிற்கும்போதோ, ஆசனத்திலிருப்போர் பலருக்குத் திடீரென உறக்கம் வந்துவிடுகின்றது! துறவியர் மீது குறை கூறுவது இங்கு நோக்கமன்று. எல்லாச் சமயங்களின் போதனையும் அக்கர்ப்பிணியின் பக்கமே நிற்கும். குறை பிரயாணிகளிடத்தது. ஒரே மனிதன் ஒருவர்க்கு எழுகிறான், மற்றவர்க்கு உறங்குகிறான் என்றால், எழுந்ததும் பண்பினால் எழுந்ததன்று என்பது தெளிவாகின்றது.

சுமை சுமந்தோரின் நிலையும் நோக்கத்தக்கது. அதிகாலையிலே மீன் கடகத்துடன் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்களைக் கரையோர ஊர்களில் இன்றும் காணலாம். வண்டி நின்றாலும் ஏறவிடாது நடத்துநர் கைகாட்டிச் செல்வதுண்டு, ஏறிவிட்டாலோ மூக்கைப் பொத்துவோரும், சேலையை ஒதுக்கிக் கொள்வோரும், "இவையளை ஏன் ஏத்திறியள்?" என்று கேட்போரும் உளர். அந்த மீனை நண்பகலில் உண்போரும் அவர்களே என்பதை ஒரு பக்கம் வைத்துவிடலாம். நாற்றம் என்பது சில வேளைகளில் உண்மையான இடைஞ்சலே. அதற்கு மூடியுள்ள பாத்திரம், பின்புறத்தில் இடம் எனப் பரிகாரங்கள் உண்டு. ஆனால் அங்கே எழும் அருவருப்பு கடகத்தை மட்டும் நோக்கியதா என்பது ஐயம். விலையுயர்ந்த பெட்டிகளால் நடைவழியை அடைத்துக்கொண்டு வரும் வெளிநாட்டுப் பயணிக்கு அதே பிரயாணிகள் காலை மடக்கி வழிவிடுவதைப் பார்க்கும்போது அவ்வையம் வலுப்பெறுகின்றது.

விளிச்சொற்களைப் பற்றியும் கூறுதல் வேண்டும். தமிழர் மரியாதையைச் சொல்லிலேதான் முதலில் அளக்கின்றனர். காற்சட்டையும் கைப்பையுமாய் ஏறுபவர் "வாங்கோ ஐயா, முன்னுக்குப் போங்கோ" என வரவேற்கப்படுகிறார். சாயம் போன சேலையுடன் ஏறும் கிழவிக்குக் கிடைப்பது "ஏறு, ஏறு, கெதியா ஏறு" என்பதே. மலையகப் பாதைகளில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையானது. நாள் முழுவதும் மலைச்சரிவில் கொழுந்து பறித்த பெண் தன் மகனின் வயதையொத்த நடத்துநனால் ஒருமையிலே விளிக்கப்படுகிறாள். அவன் சிங்களவனாயின் அதனை இனத் துவேசம் என்று இனங்காணத் தமிழ் மாணவர் தயங்குவதில்லை, அது சரியே. 1987ஆம் ஆண்டிலே தமிழும் அரசகரும மொழியாக அரசியலமைப்பில் இடம்பெற்ற பின்னரும், தமிழில் வழிகேட்கும் முதியவருக்கு எரிச்சலே விடையாகக் கிடைக்கும் பஸ்கள் உள்ளன என்பதும் மெய்யே. ஆயினும் அதே பெண்ணைத் தமிழ் நடத்துநன் ஒருமையில் விரட்டும்போது அது பழக்கதோஷம் என்று மன்னிக்கப்படுகின்றது. பிறர் செய்யும் அவமதிப்பை அரசியலாகவும், தம்மவர் செய்வதைப் பழக்கமாகவும் காணும் பார்வை நேர்மையான பார்வையாகாது.

நடத்துநரையும் சாரதியையும் மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றுவது எளிது. அது பாதி உண்மையே. 1979ஆம் ஆண்டு முதல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்ட பின்னர், ஒரு வண்டியின் ஊழியரது நாட்கூலி பெரும்பாலும் அந்நாளின் வசூலிலேயே தங்கியிருக்கலாயிற்று. உரிமையாளருக்குச் சேர வேண்டிய தொகையும் எரிபொருட் செலவும் போக எஞ்சுவதே அவர்தம் ஊதியம். ஆகவே முன்செல்லும் வண்டியைத் துரத்துதலும், சந்தியிலே வேண்டுமென்றே தாமதித்தலும், மூச்சுவிட இடமில்லாத வண்டிக்குள்ளே "பின்னுக்குப் போங்கோ, பின்னுக்கு இடமிருக்கு" என்று கூவுதலும் அவர்களது குணக்கேட்டினால் மட்டும் விளைவன அல்ல. நெரிசலிலே இலாபம் காணும் ஏற்பாடு ஒன்று நெரிசலைத் தானே உண்டாக்கும். மாதச் சம்பளம் பெறும் ஊழியர் ஓட்டும் இ.போ.ச. வண்டி சில வேளைகளில் தரிப்பிடத்தில் நில்லாமலே போய்விடுகின்றது என்பதும் உண்மைதான். அங்கு வேறொரு நோய். போக்குவரத்து ஏற்பாட்டைத் திருத்தாது பிரயாணிக்கு மட்டும் ஒழுக்கம் போதிப்பது ஓட்டைப் பாத்திரத்தில் நீர் வார்ப்பது போன்றது என்போரின் கூற்றை இதுவரைக்கும் ஏற்றுக்கொள்ளலாம்.

இதற்கு அப்பால் ஏற்க இயலாது. நெரிசல் என்னும் காரணத்தின் பின்னே ஒளிந்துகொள்ளும் ஒரு கொடுமை உண்டு. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015ஆம் ஆண்டில் இலங்கையில் மேற்கொண்ட ஆய்வின்படி, பெண்களிலும் சிறுமியரிலும் 90 சதவீதத்தினர் தம் வாழ்நாளில் ஒரு தடவையேனும் பஸ்ஸிலோ புகையிரதத்திலோ பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியுள்ளனர். பொலிசாரை நாடியோர் தொகையோ மிக அற்பம். இத்தொகையைக் கேட்டு வியப்படைவோர் பெரும்பாலும் ஆண்களாகவே இருப்பர்; பெண்களுக்கு அதில் வியப்பதற்கு எதுவுமில்லை. சட்டைப்பின்னையும் புத்தகப் பையும் பெண்ணின் படைக்கலங்களாய் மாறிப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன. தாய் மகளுக்கு முதன்முதலிற் கற்பிக்கும் பிரயாண ஒழுக்கம், பையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொள் என்பதே.

நெரிசலே இதற்குக் காரணம் என்பார் ஒரு கேள்விக்கு விடையிறுக்க வேண்டும். ஆசனங்கள் பாதி காலியாயிருக்கும் வண்டியிலே, தனித்திருக்கும் மாணவியின் அருகிற் சென்று அமர்ந்து தொடையை உரசுபவனை எந்த நெரிசல் தள்ளிவிட்டது? அன்றியும், நெரிசலில் அகப்பட்ட ஆண்கள் எத்தனையோ பேர் இரு கைகளாலும் மேற்கம்பியைப் பற்றிக்கொண்டு, தம்மால் எவர்க்கும் தீங்கு நேராதவாறு நின்று செல்கின்றனர். அவர்களும் அதே வண்டியிலேதான் நிற்கின்றனர். நெரிசல் குற்றத்தை மறைக்கும் திரை. குற்றவாளி திரைக்குப் பின்னால் நிற்பவனே.

சட்டத்தில் இதற்கு இடமில்லாமலும் இல்லை. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவை மாற்றியமைத்தது. சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு புரிதல் அதன்படி ஐந்து ஆண்டு வரையிலான சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். இப்பிரிவை அறிந்த பிரயாணிகள் எத்தனை பேர்? அறிந்த நடத்துநர் எத்தனை பேர்? மிதிபலகையில் நில்லாதீர் என்று எழுத இடமிருந்த வண்டியின் சுவரிலே இதனை எழுத இடமில்லாமற் போனது ஏன்?

சட்டத்திலும் பார்க்க முக்கியமானது பஸ்ஸுக்குள் நிலவும் மௌனம். ஒரு பெண் திடீரென்று திரும்பி ஒருவனை முறைக்கிறாள். அல்லது குரலுயர்த்தி ஏசுகிறாள். அந்தக் கணத்திலே ஐம்பது பேர் யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்குகின்றனர். ஒருவர் பத்திரிகையை உயர்த்துகிறார். மற்றொருவர் கைத்தொலைபேசியிற் குனிகிறார். யாரேனும் வாய்திறந்தாலும் அது பெரும்பாலும் அப்பெண்ணை நோக்கியதாகவே இருக்கும்: "பிள்ளை, விடும். இப்பிடிச் சத்தம் போட்டால் உமக்குத்தான் வெட்கம்." இதனைக் கூறுபவர் தீயவர் அல்லர். நல்ல தகப்பனாய், நல்ல அயலவராய் வாழ்பவராய் இருக்கலாம். அமளியைத் தவிர்ப்பதே நாகரிகம் என்று அவர் மெய்யாகவே நம்புகிறார். அவருடைய நாகரிகத்தினால் நன்மை பெறுபவன் எவன் என்பதை மட்டும் அவர் நினைப்பதில்லை.

அம்மௌனத்துக்கு வரலாறு இல்லையென்று கூற முடியாது. யுத்தம் நிகழ்ந்த ஆண்டுகளிலே பஸ் பயணம் என்பது அச்சத்தின் பயணமாயிருந்தது. சோதனைச் சாவடிகளில் இறங்கி வரிசையாய் நடந்து, அடையாள அட்டையைக் காட்டி மீண்டும் ஏறிய தலைமுறையொன்று, பேசாதிருத்தலே உயிர்காக்கும் வழி எனக் கற்றுக்கொண்டது. தென்னிலங்கையிலே பஸ்களில் குண்டுகள் வெடித்த நாட்களில், தமிழிலே உரத்துப் பேசவும் தமிழ்ப் பிரயாணிகள் தயங்கினர். யாரேனும் ஒருவர் இறக்கி அழைத்துச் செல்லப்பட்டால் ஏனையோர் தலைகுனிந்திருந்தனர்; கேட்டவருக்கும் அதே கதி நேரக்கூடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அவர்களைப் பழிக்க எவர்க்கும் உரிமையில்லை. ஆனால் யுத்தம் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்றது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் புகையிரதமும் மீண்டும் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தது. துப்பாக்கியின் முன் கற்ற மௌனத்தை, துப்பாக்கி ஏதுமற்ற ஒரு காமுகன் முன்னிலும் கடைப்பிடித்துவிட்டு அதற்குப் பண்பாடு என்று பெயரிடுவதே கண்டிக்கத்தக்கது. அச்சத்தை அச்சம் என்றே அழைத்தால் ஒரு நாள் அது நீங்கக்கூடும். பண்பு என்று அழைத்தால் பிள்ளைகளுக்கும் கற்பிக்கப்பட்டுவிடும்.

பிரயாணிகள் இயல்பாகவே ஊமைகள் என்பதும் பொய். மூடிய பொது இடங்களிற் புகைபிடித்தலை 2006ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்தது. இன்று பஸ்ஸுக்குள் ஒருவன் சிகரெட்டைப் பற்றவைத்தால் நான்கு திசைகளிலிருந்தும் கண்டனம் எழும். மிச்சக் காசு பத்து ரூபாவுக்காக நடத்துநருடன் பிரதேச எல்லை கடக்கும் வரை வாதிடும் பிரயாணிகளும் உளர். அது அவர்தம் உரிமை, வாதிடட்டும். சாரதி வேகமாய் ஓட்டினாற் கூக்குரலிடுவோரும் உளர். ஆகவே பேசுவதற்கு நாவும் உண்டு, துணிவும் உண்டு. பெண்ணொருத்தியின் உடல் அவமதிக்கப்படும்போது மாத்திரம் அந்நா ஒட்டிக்கொள்வது, அதனை அவளது சொந்த விவகாரமாகக் கருதுவதனாலேயே.

இவ்விடத்திலே சீர்திருத்தம் பேசுவோர் வழக்கமாகக் கையாளும் ஒரு வேண்டுகோளையும் ஆராய்தல் பொருந்தும். "பெண்களை உங்கள் அக்கா தங்கைகளைப் போல எண்ணுங்கள்" என்பர். கேட்பதற்கு இனிமையானதுதான். ஆனால் இது பழைய கிராம ஒழுங்கின் குரலே. உறவுமுறைக்குள் அகப்பட்டவர்க்கு மட்டுமே மரியாதை என்ற விதியை ஏற்றுக்கொண்டு, அந்நியப் பெண்ணையும் எவ்வாறாயினும் உறவுக்குள் இழுத்துவிட முனைகின்றது. தங்கச்சி என்று அழைத்துக்கொண்டே தொந்தரவு செய்வோர் உளர் என்பதைப் பஸ்ஸில் ஏறும் எந்தப் பெண்ணும் அறிவாள். தங்கையாய் இருந்தால் அவளை அடக்கிவைக்கும் உரிமையும் அண்ணன்மாருக்கு வந்துவிடுகின்றது; எங்கே போகிறாய், ஏன் இந்த நேரத்தில் போகிறாய், இந்த உடுப்பை ஏன் அணிந்தாய் என்ற வினாக்கள் பின்தொடர்கின்றன. அவள் எவருடைய தங்கையும் ஆகவேண்டியதில்லை. அவளும் சீட்டு வாங்கிய பிரயாணி. அது போதாது என்று கருதும் சமூகம் முன்பு ஆசனத்தில் இருக்கத் தடைவிதித்த சமூகத்திலிருந்து வெகுதூரம் வந்துவிடவில்லை.

பெண்களுக்கெனத் தனிப் பெட்டி, தனிப் பஸ் என்னும் யோசனையும் அவ்வப்போது எழுகின்றது. களைப்புற்று வீடு திரும்பும் பெண்ணொருத்தி அதனை விரும்பினால் அவளைக் குறைகூற இயலாது. ஆயினும் பரிகாரம் என்ற வகையில் அது விபரீதமானது. குற்றம் புரிபவனுக்கு முழு வண்டியும், குற்றத்துக்கு உள்ளானவளுக்கு ஒரு பெட்டியும் என்று பங்கிடுவதில் நீதி எங்கே உள்ளது? அப்பெட்டியில் இடமின்றிப் பொதுப் பெட்டியில் ஏறும் பெண், தானே வலிந்து வந்தவள் என்ற பழியையும் சேர்த்துச் சுமக்க நேரிடும்.

பல்கலைக்கழக மாணவர் இவ்விடயத்தில் எங்கு நிற்கின்றனர்? பொதுமக்களின் பணத்திற் கற்பவர்கள், பொதுமக்களோடு ஒரே வண்டியிற் செல்பவர்கள், சமத்துவம் பற்றி மேடைதோறும் முழங்குபவர்கள் ஆகிய இவர்கள் பஸ்ஸில் ஏறியதும் நடந்துகொள்ளும் முறை மெச்சத்தக்கதாயில்லை. கூட்டமாய் ஏறும் மாணவர் பின்வரிசையைத் தம் ஆட்சிக்கு உட்படுத்திக் கொள்கின்றனர். நண்பன் அடுத்த தரிப்பிடத்தில் ஏறுவான் என்று குறிப்பேட்டினால் ஆசனம் பிடித்துவைக்கப்படுகின்றது. அக்குறிப்பேட்டிலே மார்க்சியத் திறனாய்வு பற்றிய குறிப்புகளும் இருக்கலாம். அருகிலே தொழிற்சாலையிலிருந்து திரும்பும் பெண் நின்றுகொண்டே வருகிறாள். பாட்டும் கைதட்டலும் இளமையின் இயல்பு என்று விட்டுவிடலாம். பாட்டுக்கு இடையே பெண் பிரயாணிகளை நோக்கி எறியப்படும் சொற்களை அவ்வாறு விட்டுவிட முடியாது. பகிடி என்ற பெயரில் அவை வழங்குகின்றன. கேட்பவளுக்கு அவை பகிடி அல்ல.

பகிடி என்னும் சொல் வேறொன்றையும் நினைவூட்டுகின்றது. கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்துள்ளது. இருந்தும், புதுமுக மாணவர் பஸ்ஸிலே ஆசனத்தில் அமரலாகாது, சிரேட்டர் இருக்க இவர்கள் நிற்கவேண்டும் என்று விதிக்கும் வீரர்கள் எங்கேனும் இருப்பராயின், அவர்கள் தாம் பின்பற்றும் மரபு எதுவென்பதை அறிந்துகொள்ளட்டும். பிறப்பின் பெயரால் ஒரு காலத்தில் விதிக்கப்பட்டதை இவர்கள் பிரவேச ஆண்டின் பெயரால் விதிக்கின்றனர். சிரேட்டர்க்குக் காட்டும் மரியாதை என்று அதற்கு விளக்கம் வேறு! சாதி வெறியர்களும் அதே சொல்லைத்தான் பயன்படுத்தினர்.

இவற்றின் விலையைச் செலுத்துவோர் யாவர் என்பதும் கணிக்கப்படல் வேண்டும். மாலை விரிவுரையின் முடிவிலே மணிக்கூட்டைப் பார்க்கும் மாணவி விரிவுரையாளரை அவமதிக்கவில்லை. கடைசிக்கு முந்திய பஸ்ஸை எண்ணுகிறாள். கடைசிப் பஸ்ஸிலே யார் வருவார்கள், எங்கே இருப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். நூலகத்தில் இருள்படும் வரை இருக்க அவள் துணிவதில்லை. நாடக ஒத்திகைக்கும் விவாத அணிக்கும் அவளது பெயர் கொடுக்கப்படுவதில்லை. பின்பு, பெண்களுக்கு ஆய்விலும் பொது வாழ்விலும் ஆர்வம் போதாது என்று அதே வளாகத்திலே கருத்தரங்கு நடைபெறும். ஆர்வத்தை அளப்பவர்கள் ஒரு தடவையேனும் அந்த இரவுப் பஸ்ஸில், பெண்ணாய் இல்லாவிடினும், கண் திறந்தவராய் ஏறிப் பார்த்தல் நன்று.

செய்யவேண்டுவன அரியன அல்ல. பெண்ணொருத்தி குரலெழுப்பினால் பக்கத்திலிருப்பவர் எழுந்து அவளருகே நிற்கலாம், வீரம் காட்டிச் சண்டையிட வேண்டியதில்லை, "என்ன நடந்தது?" என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். சாட்சியாகத் தம் பெயரைக் கொடுக்கலாம். தன் ஆசனத்தை அவளுக்கு அளிக்கலாம். நடத்துநர் அடுத்த பொலிஸ் நிலையத்தின் முன் வண்டியை நிறுத்துமாறு சாரதிக்குக் கூறலாம். அவ்வாறு கூறுவது அவரது கடமை என்று உத்தரவுப் பத்திரம் வழங்குவோர் எழுதிவைக்கலாம்.

இதனைக் கேட்டதும் எழும் முதல் மறுப்பு, ஒருவருக்காக வண்டியை நிறுத்தினால் ஐம்பது பேரின் நேரம் வீணாகும் என்பது. வேலைக்குப் போகிறவர்கள், வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் இருக்கிறார்களே என்பர். நன்று. அதே வண்டி பிரதான சந்தியிலே, இன்னும் ஆறு பேர் ஏறுவார்கள் என்ற நம்பிக்கையில், இயந்திரம் உறும உறுமக் கால்மணி நேரம் நிற்கின்றது. வேலைக்குப் போகிறவரும் வைத்தியசாலைக்குப் போகிறவரும் விசிறிக்கொண்டு பொறுமையாய் இருக்கின்றனர். உரிமையாளரின் வசூலுக்காக நாள்தோறும் கொடுக்கப்படும் அந்தக் கால்மணி நேரத்தில், ஒரு பெண்ணின் முறைப்பாட்டுக்காக ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாதென்று சொல்பவர் எவரோ அவர் எழுந்து நின்று, அவளுடைய முகத்தைப் பார்த்தே அதனைச் சொல்லட்டும்.